அளவுச் சொல்லும் இயைபும்: இத்தாலிய இலக்கணத்திற் ‘பிழை’யின் சமூக அடிப்படை

1

1905 ஆம் ஆண்டில் இத்தாலியத் தத்துவாசிரியரான பெனெதெத்தோ குரோச்சே சிறு கட்டுரையொன்றை எழுதினார். ‘இந்த வட்ட மேசை சதுரமானது’ என்பது அதன் தலைப்பு. இவ்வாக்கியம் இலக்கண நோக்கிற் குற்றமற்றது, தருக்க நோக்கிற் பொருந்தாதது என்பது ஜேர்மன் மொழியியலாளரான ஸ்ரைந்தாலின் கருத்து. குரோச்சே அதனை மறுத்தார். பொருள் தராத வாக்கியம் வெளிப்பாடே ஆகாது. ஆகவே அதற்கு இலக்கண நிறைவு உண்டெனப் பேசுவதும் பொருந்தாது என்பது அவரது முடிவு. முப்பது ஆண்டுகளின் பின்னர், 1935 இல், பாசிச அரசின் கண்காணிப்பில் நோயாளியாக இருந்த அந்தோனியோ கிராம்சி, இலக்கணம் பற்றிய தமது 29 ஆவது குறிப்பேட்டை இக்கட்டுரை மீதான விமர்சனத்துடனேயே தொடங்கினார்.

இவ்வாக்கியத்தின் இலக்கண அமைதி எங்கே உள்ளது என்பதை நோக்குவோம். மேசையைக் குறிக்கும் ‘தாவொலா’ என்னும் சொல் இத்தாலிய மொழியிற் பெண்பால் ஒருமைப் பெயர். அதற்கேற்ப வட்டமானது என்பது ‘ரொதொந்தா’ என்றும், சதுரமானது என்பது ‘குவாத்ராதா’ என்றும் பெண்பால் ஒருமை விகுதி பெறுகின்றன. இயைபு முற்றாக உள்ளது, பொருள் இல்லை.

இதற்கு நேரெதிரான வாக்கியமொன்றும் இத்தாலியில் உண்டு. அதனை எந்தத் தத்துவாசிரியரும் புனையவில்லை. பள்ளிப்படிப்புக் குறைந்த இத்தாலியர் பல தலைமுறைகளாகப் பேசியும் எழுதியும் வந்தது அது: ‘லா ஜென்தே தீகொனோ’ - சனங்கள் சொல்கிறார்கள். இதன் பொருளில் எவ்வித ஐயமும் இல்லை. ஆயின் ‘ஜென்தே’ வடிவத்தில் ஒருமைப் பெயர். ‘தீகொனோ’ பன்மை வினை. ‘தீச்சே’ என்ற ஒருமை வினையே வரவேண்டும் என்பது பாடநூல் விதி. பொருள் முற்றாக உள்ளது, இயைபு இல்லை. முதல் வாக்கியம் தத்துவ விவாதத்துக்குரிய பொருளாயிற்று. இரண்டாவது ஆசிரியரின் சிவப்பு மைக்குரியதாயிற்று.

ஒரு சொல் மற்றொரு சொல்லுடன் இயையும்போது அது எதனுடன் இயைகிறது? சொல்லின் வடிவத்துடனா, சொல் குறிக்கும் பொருளுடனா? அளவு குறிக்கும் சொற்களிடத்தே இவ்வினா கூர்மையடைகிறது. ‘பல’, ‘சில’, ‘ஒவ்வொரு’, ‘பெரும்பாலான’, ‘ஆயிரம்’ என்ற வகைச் சொற்களில் வடிவத்தின் எண்ணும் பொருளின் எண்ணும் எளிதிற் பிரிந்துவிடுகின்றன. இப்பிரிவு நேரும்போது எது சரி, எது பிழை என்று தீர்ப்பளிப்போர் யார், அத்தீர்ப்பு எந்த வரலாற்று நிலைமையில் உருவானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கிராம்சியை மேலாண்மைக் கோட்பாட்டாளராக அறிந்த முற்போக்கு வாசகர்கள், தூரின் பல்கலைக்கழகத்தில் மத்தேயோ பார்தொலியிடம் மொழியியல் பயின்ற கிராம்சியையும் அறிவது பயனுடையது என்பது இதன் பின்னணியிலுள்ள எண்ணம்.

2

முதலில் மொழித் தரவுகளை நோக்குவோம். இத்தாலியப் பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால் என இரு பாலாகவும், ஒருமை, பன்மை என இரு எண்ணாகவும் அமைவன. நமது இலக்கணத்தைப் போலத் திணை அடிப்படையில் இப்பாற் பகுப்பு அமைவதில்லை; உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு. மிகுதியை உணர்த்தும் சொல் இந்நான்கு நிலைகளுக்கும் நான்கு வடிவம் கொள்ளும். மிகுந்த ரொட்டி ‘மோல்தோ பானே’. மிகுந்த நீர் ‘மோல்தா ஆக்குவா’. பல நூல்கள் ‘மோல்தி லீப்ரி’. பல வீடுகள் ‘மோல்தே காசே’. குறைவு, மிகை, இத்தனை, எத்தனை என்ற பொருள்தரும் சொற்களும் இவ்வாறே திரிவன.

இங்கு கவனித்தற்குரியது யாதெனில், ஒரே சொல்லின் ஒருமை வடிவம் அளத்தலையும் பன்மை வடிவம் எண்ணுதலையும் உணர்த்துகின்றன என்பதாகும். ரொட்டியும் நீரும் அளக்கப்படுவன. நூல்களும் வீடுகளும் எண்ணப்படுவன. பகுதியளவை உணர்த்தும் சார்படையிலும் (ஆங்கிலம் கற்றோர் ‘ஆட்டிக்கிள்’ என அறியும் சொல்வகையின் ஒரு பிரிவு அது) இதே வேறுபாட்டைக் காணலாம். ‘தெல் பானே’ என்றால் சிறிது ரொட்டி; ‘தெய் லீப்ரி’ என்றால் சில நூல்கள்.

அதே ‘மோல்தோ’ பெயரடையொன்றை மிகைப்படுத்தும் வினையடையாக வரும்போது திரிபடைவதில்லை. மிக அழகிய பெண் என்பதற்கு ‘மோல்தோ பெல்லா’ என்பதே வழக்கு. இதனைக் கொண்டு, பெயரடையாயின் இயையும், வினையடையாயின் இயையாது என்று பாடநூல்கள் விதி செய்கின்றன. ஆயின் விதி செய்த மறுகணமே அது தளர்கிறது. முழுமையை உணர்த்தும் ‘துத்தோ’ வினையடைப் பொருளில் வரும்போதும் இயைகின்றது. பெண்ணொருத்தி முழுமகிழ்வில் இருக்கிறாள் எனின் ‘துத்தா கொன்தென்தா’ என்பதே செம்மையான வழக்கு. இங்கு ‘துத்தா’ பெண்பால் விகுதியை விடுவதில்லை.

எண்ணுப்பெயர்களின் நிலை மேலும் சிக்கலானது. ஒன்று என்பது பாலுக்கேற்பத் திரியும்; இரண்டு முதலியன திரிவதில்லை. ஆயிரம் ‘மில்லே’, ஆனால் இரண்டாயிரம் ‘துஏமீலா’. ‘மில்லே’, ‘மீலா’ என்ற இவ்விரு வடிவங்களும் இலத்தீனின் எச்சங்கள். மில்லியனைக் குறிக்கும் ‘மிலியோனே’ முழுமையான பெயர்ச்சொல்லாதலின், பின்வரும் பெயருடன் ‘தி’ என்ற வேற்றுமைச் சொல் கொண்டே இணையும். ஆயினும் மில்லியனைத் தொடர்ந்து வேறு எண் வருமாயின் ‘தி’ மறைந்துவிடும். ஏறத்தாழ நூறு என்ற பொருள்தரும் ‘சென்தினாயோ’ ஒருமையில் ஆண்பால். அதன் பன்மையாகிய ‘சென்தினாயா’ பெண்பால். இலத்தீனின் பொதுப்பாற் பன்மை விகுதி இவ்வாறு உருமாறி எஞ்சியுள்ளது. ஆயிரம் அளவினதைக் குறிக்கும் ‘மில்யாயோ’, ‘மில்யாயா’ என்பனவும், ஒரு முட்டையும் பல முட்டைகளும் ஆகிய ‘உஓவோ’, ‘உஓவா’ என்பனவும் இவ்வகையினவே.

இவை அனைத்தினும் நமது விவாதத்துக்கு முக்கியமானவை ‘குவால்கே’, ‘ஒஞ்ஞி’ என்ற இரு சொற்கள். ‘குவால்கே லீப்ரோ’ என்பதன் பொருள் சில நூல்கள். பொருள் பன்மை, ஆயின் பெயரும் அதனைக் கொள்ளும் வினையும் ஒருமையிலேயே வரவேண்டும். ‘பத்து மாடு’ என்ற நம்மவர் வழக்கில், எண் பன்மையாகவும் பெயர் ஒருமை வடிவினதாகவும் நிற்றலை இத்துடன் ஒப்பிடலாம். எனினும் தமிழில் ‘மாடுகள்’ என்றும் கூறலாம். இத்தாலியத்தில் ‘குவால்கே’யின் பின் பன்மைக்கு இடமில்லை. ‘ஒஞ்ஞி’ ஒவ்வொரு என்ற பொருளது. இதுவும் ஒருமைப் பெயரையே வேண்டும். எனினும் ‘ஒஞ்ஞி துஏ ஜோர்னி’, அதாவது இரு நாட்களுக்கு ஒருமுறை, என எண்ணுப்பெயர் இடைப்படின் பன்மை வருகிறது. சகல புனிதர் பெருவிழாவின் பெயரான ‘ஒஞ்ஞிஸ்ஸாந்தி’ என்ற கூட்டுச்சொல்லிலும் பழைய பன்மை உறைந்து கிடக்கிறது.

‘ஆயிரத்தோர் இரவுகள்’ என நாம் வழங்கும் நூலின் இத்தாலியத் தலைப்பும் இங்கு நோக்கத்தக்கது. ‘லே மில்லே எ ஊனா நோத்தே’ என்ற அத்தலைப்பில் முன்னுள்ள சார்படை பன்மை. ஆயிரத்துக்கு மேற்பட்ட இரவுகளைக் குறிக்கும் ‘நோத்தே’யோ ஒருமை. அருகில் நிற்கும் ‘ஊனா’ என்ற ஒருமைச் சொல் பெயரைத் தன்பால் ஈர்த்துவிட்டது. ஒன்றில் முடியும் எண்களின் பின் பெயரை ஒருமையில் வைத்த பழைய வழக்கின் எச்சம் இது. இன்றோ இருபத்தொரு நாட்களைக் குறிக்க ‘வென்தூன் ஜோர்னி’ எனப் பன்மையே வழங்கும். மணி கூறுகையில் அரையைக் குறிக்கும் சொல் ‘மெத்ஸோ’ எனத் திரியாது நிற்கவேண்டும் என்று முன்னைய இலக்கணகாரர் வற்புறுத்தினர். வழக்கு ‘மெத்ஸா’ எனப் பெண்பாலுடன் இயைத்துச் சென்றது. இன்று இரண்டும் ஏற்புடையன.

இத்தரவுகளிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. அளவுச் சொற்களின் இயைபில் நியமம் தன்னளவில் ஒரே தருக்கத்தைப் பின்பற்றவில்லை. சில இடங்களில் வடிவம் ஆள்கிறது. சில இடங்களிற் பொருள் ஆள்கிறது. சில இடங்களில் அருகிலுள்ள சொல் ஆள்கிறது. சில இடங்களில் இறந்துபட்ட மொழியின் எச்சம் ஆள்கிறது. ஆகவே, பொருளுக்கேற்ப வினையைப் பன்மையாக்கும் பாமரன் ‘தருக்கத்தை மீறினான்’ என்ற குற்றச்சாட்டு நிலைபெறாது. அவன் மீறியது தருக்கத்தையன்று, ஒரு நியமத்தை. நியமங்களுக்குத் தருக்கத்தை விட வரலாறே அதிகம்.

3

அவ்வரலாற்றின் தொடக்கத்தை 14 ஆம் நூற்றாண்டுப் புளொரன்ஸ் நகரிற் காணலாம். அந்நகரின் வரலாற்றுக் குறிப்பாளரான ஜொவான்னி வில்லானி, ஏறத்தாழ 1338 அளவில் அங்கிருந்த கல்வி நிலையைத் தொகைகளுடன் கூறியுள்ளார். எழுத்தறிவு பெறும் சிறுவர் 8,000 முதல் 10,000 வரை; ஆறு பள்ளிகளில் வணிகக் கணிதம் கற்போர் 1,000 முதல் 1,200 வரை; நான்கு பெரிய பள்ளிகளில் இலக்கணமும் தருக்கமும் கற்போர் 550 முதல் 600 வரை. இத்தொகைகளில் மிகை இருக்கலாம் என்பர். ஆயினும் பிரிவினையின் தன்மை ஐயத்துக்கிடமற்றது. அக்காலத்தில் இலக்கணம் என்ற சொல்லுக்கே இலத்தீன் என்பதுதான் பொருள்; தாந்தேயும் அச்சொல்லை அவ்வாறே ஆண்டார். இலக்கணப் பள்ளி திருச்சபைக்கும் நீதிமன்றத்துக்கும் ஆட்களை உருவாக்கியது. கணிதப் பள்ளி வணிகக் கிட்டங்கிக்கும் வட்டிக்கடைக்கும் ஆட்களை உருவாக்கியது. அங்கு பயிற்றுமொழி மக்கள் மொழி.

எனவே, மக்கள் மொழியில் அளவும் எண்ணும் முதலில் ஒழுங்குபெற்ற இடம் இலக்கணப் பள்ளியன்று, வணிகனின் கணக்கேடே எனலாம். ஆயிரத்தைப் பெரிதாக்கும் ‘ஓனே’ என்ற விகுதி சேர்த்துப் ‘பேராயிரம்’ என்ற பொருளிற் பிறந்த ‘மிலியோனே’ இச்சூழலுக்குரிய சொல். இதுவே பின்னர் ஐரோப்பிய மொழிகளிற் பரவிற்று. லூக்கா பச்சோலி 1494 இல் வெனிஸில் அச்சிட்ட கணிதப் பெருநூல், இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை இலத்தீனிலன்றி மக்கள் மொழியில் விளக்கியமையும் தற்செயலன்று. இத்தாலிய மொழிக்கான முதல் அச்சு இலக்கணம், போர்துனியோவினது, இதற்கு 22 ஆண்டுகள் கழித்து 1516 இலேயே வெளிவந்தது. எண் முந்தியது, இலக்கணம் பிந்தியது.

பிந்திவந்த இலக்கணம் எவருடைய வழக்கை அளவுகோலாகக் கொண்டது? 1525 இல் வெனிஸ் நகரப் பிரபுவான பியேத்ரோ பெம்போ வெளியிட்ட நூல், உரைநடைக்குப் பொக்காச்சியோவையும் செய்யுளுக்குப் பெத்ராக்கையும் முன்மாதிரிகளாக நிறுவியது. இருவரும் இறந்து அப்பொழுது 150 ஆண்டுகள் வரை கடந்திருந்தன. வாழும் வணிகனின் மொழியும் வாழும் கைவினைஞனின் மொழியும் ஒருங்கே புறந்தள்ளப்பட்டன. 1583 இல் தோன்றிய குருஸ்கா கழகம் 1612 இல் வெளியிட்ட அகராதி இவ்வழியை உறுதிசெய்தது. தீபகற்பம் பல சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்த நிலையில், அரசவைகளையும் அறிஞர் குழாங்களையும் இணைத்த மொழி இது; உழுபவனையும் நெய்பவனையும் இணைக்கும் தேவை அதற்கு இருக்கவில்லை.

இதன் விளைவு 1861 இல் நாடு ஒன்றிணைந்தபோது வெளிப்பட்டது. சனத்தொகையில் நான்கில் மூன்று பங்கினர் அளவில் எழுத்தறிவற்றோர். தூலியோ தெ மௌரோ 1963 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவ்வேளை இத்தாலிய மொழியைக் கையாளக் கூடியோர் 2.5 வீதத்தினரே. அர்ரீகோ கஸ்தெல்லானி 1982 இல் இம்மதிப்பீட்டைத் திருத்தி, ஏறத்தாழப் பத்து வீதம் எனக் கணித்தார். எதனைக் கொள்ளினும், ஒரு தேசத்தின் மொழி அத்தேசத்தினரிற் பத்தில் ஒன்பது பேருக்கு அந்நியமாக இருந்தது என்பதே உண்மை. தமது நாவலை 1840 முதல் 1842 வரை புளொரன்ஸ் நகரப் பேச்சுக்கேற்பத் திருத்தி வெளியிட்ட மன்சோனி, அப்பேச்சையே பள்ளிகள்வழி நாடெங்கும் பரப்பலாம் என 1868 இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். கிரத்சியாதியோ அஸ்கோலி 1873 இல் இதனை மறுத்தார். மேலிருந்து ஒரு நகரின் பேச்சைத் திணிப்பதால் தேசிய மொழி பிறவாது. அறிவுழைப்புப் பரந்துபட்ட சமூகமே அதனை உருவாக்கும் என்பது அஸ்கோலியின் வாதம். கிராம்சியின் சிந்தனைக்கு இவ்வாதம் ஒரு வித்து.

4

இனி ‘ஜென்தே’க்குத் திரும்புவோம். பொருளுக்கேற்ப வினையை இயைத்தல் இத்தாலியப் பாமரனின் கண்டுபிடிப்பன்று. ‘ஒரு பகுதியினர்’, ‘கூட்டம்’ என்ற பொருள்தரும் ஒருமைச் சொற்களுக்குப் பன்மை வினை கொடுத்தல் லிவி போன்ற உரோம வரலாற்றாசிரியரிடம் காணப்படுவதே. பழைய இத்தாலிய உரைநடையிலும் அது உண்டு. மரபிலக்கணம் அதனைப் ‘பொருள்வழி அமைப்பு’ என்று பெயரிட்டு அணியிலக்கணத்தின் அயலில் இருத்தியது. இன்றும் ‘தொழிலாளரிற் பெரும்பகுதி’ என்ற வகைத் தொடருக்கு - ‘லா மஜ்ஜோர் பார்தே’ என்று தொடங்குவது அது - ஒருமை வினையும் பன்மை வினையும் கொடுக்கலாம் என்று இலக்கணங்கள் இசைவளிக்கின்றன.

ஒரே மொழிநிகழ்வுக்கு இருவேறு பெயர்கள் வழங்குவதை இங்கு காண்கிறோம். இலத்தீன் கற்றவன் செய்யின் அணி. மண்வெட்டி பிடித்தவன் செய்யின் வழு. ‘பெரும்பகுதி’ என்ற தொடரில் ‘தொழிலாளர்’ என்ற பன்மைப் பெயர் வெளிப்பட நிற்கின்றது, ‘ஜென்தே’யில் அவ்வாறு இல்லை என்று இலக்கணகாரர் விடையிறுக்கலாம். இவ்விடை நியாயமானதே, வேறுபாடு உண்மையில் உண்டு. ஆயினும் அவ்வேறுபாடு ஏற்புடைமைக்கும் இழிவுக்கும் இடையிலான தூரத்தை விளக்கப் போதாது. தூரத்தை நிர்ணயிப்பது பேசுபவனின் வகுப்பு நிலையே.

இத்தகைய மொழியை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் லியோ ஸ்பிற்சர் குறிப்பிடத்தக்கவர். முதலாம் உலக யுத்தத்தின்போது ஒஸ்திரியத் தபால் தணிக்கையிற் பணியாற்றிய அவர், இத்தாலியக் கைதிகளின் கடிதங்களை நாள்தோறும் வாசித்தார். அவற்றை ஆதாரமாகக் கொண்டு 1921 இல் அவர் வெளியிட்ட நூல், 1976 இல் இத்தாலியத்திற் பெயர்க்கப்பட்டது. ‘பசி’ என்ற பொருளைத் தணிக்கையாளர் அறியாவண்ணம் வீட்டாருக்கு உணர்த்தக் கைதிகள் கையாண்ட சுற்றுவழிகளுக்கென்றே அவர் தனியானதொரு நூலும் எழுதியுள்ளார். ஏறத்தாழ ஆறு இலட்சம் இத்தாலியர் கைதாகினர். அவர்களுள் ஓர் இலட்சம் பேரளவில் மாண்டனர். தன் கைதிகளுக்கு உணவு அனுப்ப இத்தாலிய அரசு மறுத்தமை இதற்கு ஒரு காரணம் என்பதை ஜொவான்னா புரொகாச்சியின் ஆய்வு காட்டியுள்ளது. உழவரும் கூலிகளுமான இம்மனிதர்களுட் பலர், யுத்தம் வீட்டிலிருந்து பிரித்த பின்னரே எழுதுகோலை முயன்று பிடித்தனர். பின்னர் தெ மௌரோ, மன்லியோ கோர்தெலாத்சோ ஆகியோர் 1970 களில் ‘வெகுஜன இத்தாலியம்’ என்று வரையறுத்த மொழிவகைக்கு இத்தகைய கடிதங்களே முதன்மைச் சான்றுகள். ‘ஜென்தே’க்குப் பன்மை வினை கொடுத்தல் அம்மொழிவகையின் நன்கறியப்பட்ட அடையாளங்களுள் ஒன்று.

இவ்வழக்கு ஒழுங்கற்றதா? இங்கு மொழியியல் தரும் விடை அறிவூட்டுவது. ‘லா ஜென்தே தீகொனோ’ என்பவரும் ‘மோல்தா ஜென்தே’ என்றே கூறுவர்; மிகுதிச்சொல்லைப் பன்மையாக்கி ‘மோல்தே ஜென்தே’ எனக் கூறுவதில்லை. பெயரைத் தொட்டு நிற்கும் அளவுச் சொல் வடிவத்துடன் இயைகின்றது. பெயருக்கு அப்பால் நிற்கும் வினை பொருளுடன் இயைகின்றது. கிரெவில் கோர்பெற் 1979 இல் பல மொழிகளை ஒப்பிட்டு ‘இயைபுப் படிநிலை’ என்ற கோட்பாட்டை முன்வைத்தார். பெயரடை, பயனிலை, தொடர்புப் பெயர், மூவிடப்பெயர் என்ற வரிசையிற் செல்லச் செல்லப் பொருள்வழி இயைபு பெருகுமேயன்றிக் குறையாது என்பது அதன் சாரம். இக்கோட்பாட்டை உலகின் மொழிகள் பலவற்றிற் சோதித்துள்ளனர். பள்ளி செல்லாத கலபிரிய விவசாயி அப்படிநிலையைத் தவறாது பின்பற்றியிருந்தான். ‘வழு’ எனப்பட்டது விதியின்மையன்று, வேறொரு விதி.

‘மோல்தா ஜென்தே’ என்பதில் அளவுச் சொல் ஒருமையில் நிற்பதைப் பிறிதொரு கோணத்திலும் நோக்கலாம். மிகுந்த நீர், மிகுந்த ரொட்டி என்பன போன்ற அமைப்பே மிகுந்த சனம் என்பதும். எண்ணப்படுவோராயன்றி அளக்கப்படும் திரளாகவே மக்கள் இங்கு அமைகின்றனர். தனித்தனி ஆட்களாக எண்ணுவதற்கு ‘பெர்சோனே’ என்ற வேறு சொல் வேண்டும். வினையைப் பன்மையாக்குபவன் அத்திரளை மீண்டும் மனிதராக்குகிறான் என்று கூற மனம் விழையும். ஆயின் இவ்விழைவுக்கு இடங்கொடுத்தல் கூடாது. பன்மை விகுதியொன்றில் வர்க்க உணர்வைக் கண்டெடுப்பது விமர்சனமன்று, கற்பனை. அவ்விவசாயி எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. தன் உள்ளுறை இலக்கணத்தின்படி பேசினான். எதிர்ப்புக்குரியது அவனது வாக்கியமன்று. அவ்வாக்கியத்தைக் காரணங்காட்டி அவனது பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றிய சமூக ஏற்பாடே.

5

இந்த இடத்தில் முற்போக்காளர் எளிதில் வழுக்கும் ஒரு படி உண்டு. நியமம் ஆளும் வகுப்பாரின் ஆக்கம். ஆகவே நியம இலக்கணத்தைக் கற்பிப்பதே ஒடுக்குமுறை. மக்களை அவர்களது வழக்கிலேயே விட்டுவிடுவோம் என்ற வாதமே அது. கேட்பதற்குப் புரட்சிகரமாகத் தோன்றும் இவ்வாதம், இத்தாலியில் முதன்முதலில் எங்கிருந்து செயலுருப் பெற்றது என்பதை அறிதல் அவசியம். குரோச்சேயின் அழகியல் மொழியைத் தனிமனித வெளிப்பாடாகக் கண்டு, இலக்கணத்துக்கு அறிவுத்துறை என்ற தகுதியை மறுத்தது. அக்கருத்துமுதல்வாதச் சூழலில், முசோலினியின் கல்வி அமைச்சரான ஜொவான்னி ஜென்திலே 1923 இல் மேற்கொண்ட சீர்திருத்தத்தில் நியம இலக்கணப் பயிற்சி பின்தள்ளப்பட்டது.

கிராம்சியின் 29 ஆவது குறிப்பேடு இதற்கு அளித்த விடை இரு பகுதிகளைக் கொண்டது. பேசும் ஒவ்வொருவரிடமும் அவர் அறியாமலே செயற்படும் உள்ளுறை இலக்கணம் ஒன்று உண்டு என்பது முதற் பகுதி. நியம இலக்கணமும் நூல்களில் மட்டும் வாழ்வதன்று. ஒருவர் பேச்சை மற்றவர் திருத்துவதிலும், விளங்கவில்லையே என வினவுவதிலும், கேலி செய்வதிலும் நாள்தோறும் அது உருவாகிறது என்பது இரண்டாவது பகுதி. எழுதப்பட்ட நியம இலக்கணமோ எப்பொழுதும் ஒரு தெரிவு, ஒரு பண்பாட்டு அரசியற் செயல். பள்ளி அதனைக் கற்பியாது விடின் நியமம் அழிந்துவிடாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதனை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளும், உழைப்பாளியின் பிள்ளை மட்டுமே அதனை இழக்கும். இதுவே கிராம்சியின் கண்டனத்தின் மையம். சார்தீனியாவிற் பிறந்த இவரே 1927 இல் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளைகள் சார்தீனிய மொழியைத் தடையின்றிப் பேச விடும்படி வற்புறுத்தியவர் என்பதையும் மனங்கொள்ள வேண்டும். இரண்டும் முரண்பட்டன அல்ல. தாய்வழக்கின் உரிமையும் நியமத்தைக் கைப்பற்றும் உரிமையும் ஒரே கோரிக்கையின் இரு பக்கங்கள்.

கிராம்சிக்குப் பின் இக்கோரிக்கையை வலுவாக எழுப்பியோர் அறிஞரல்லர். புளொரன்ஸ் நகருக்கு வடக்கே மலைப்புறத்திலுள்ள பர்பியானா என்ற சிற்றூரில், லொரென்சோ மிலானி என்ற குருவானவரின் பள்ளியிற் பயின்ற விவசாயப் பிள்ளைகள் எண்மர் எழுதி 1967 இல் வெளியான ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற நூல் அது. அரசு பள்ளிகளிற் சித்தியெய்தாது வெளியேற்றப்படுவோர் எவ்வகுப்பாரின் பிள்ளைகள் என்பதைப் புள்ளிவிபரங்களுடன் அவர்கள் நிறுவினர். அவர்கள் இலக்கணத்தை ஒழிக்கும்படி கேட்கவில்லை. மொழியைத் தமக்கும் முழுமையாகத் தரும்படி கேட்டனர். 1975 இல் தெ மௌரோவின் முன்முயற்சியில் வெளிவந்த ‘சனநாயக மொழிக்கல்விக்கான பத்து ஆய்வுரைகள்’, மரபான இலக்கணப் போதனையின் குறைகளை எடுத்துக்காட்டி, மாணவரின் சொந்த வழக்கிலிருந்து தொடங்கிப் பொதுமொழிக்கு இட்டுச்செல்லும் நெறியை வகுத்தன.

அளவுச் சொற்களின் இயைபைக் கற்பித்தலில் இந்நெறி எவ்வாறு அமையும்? ‘ஜென்தே’யின் பின் ஒருமை வினை எழுதுக என்று மாணவனுக்குச் சொல்லப்படத்தான் வேண்டும், விண்ணப்பத்திலும் பரீட்சையிலும் அவனிடம் எதிர்பார்க்கப்படுவது அதுவே. ஆயின் அத்துடன், அவன் வீட்டில் வழங்கும் பன்மை வினைக்கும் ஒரு விதி உண்டு என்றும், உரோமரும் அவ்வாறு எழுதினர் என்றும், ‘பெரும்பகுதி’ என்ற தொடரில் அதே இயைபைக் கற்றோரும் கையாளுவர் என்றும், ‘குவால்கே’யில் நியமமே பொருளைக் கைவிடுகிறது என்றும் சொல்லப்பட வேண்டும். விதியை அதன் வரலாற்றுடன் அறிபவன் அதனைக் கையாளுவான். வரலாறின்றி அறிபவன் அதற்கு அஞ்சுவான். இன்றைய இத்தாலிய விவரண இலக்கணங்கள், குறிப்பாக 1980 களின் பிற்பகுதியிலிருந்து வெளிவந்தவை, மாற்று வடிவங்களையும் அவற்றின் வழக்குத் தளங்களையும் குறித்துச் செல்கின்றன. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் வழக்குத் தளம் என்ற நடுநிலைச் சொல், அத்தளங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு எவ்வாறு உண்டாயிற்று என்ற வினாவை விழுங்கிவிடும் அபாயமும் உண்டு. வெனிஸ் பிரபுவின் நூலும் கைதியின் கடிதமும் அருகருகே வைக்கப்படக்கூடிய இரு மாதிரிகள் மட்டுமல்ல. ஒன்று அளவுகோலாகவும் மற்றது வழுவாகவும் ஆக்கப்பட்டமைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை இலக்கண வகுப்புக்குள் கொண்டுவருவதே கிராம்சி விட்டுச்சென்ற பணி. அது இன்னும் நிறைவுறவில்லை.